ஆஸ்துமாவுக்குப் போடும் ஊசி கடலை அலர்ஜிக்கும் கேட்குமா?

மதுரையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்த கேள்வி, சுருக்கமாக: "அண்ணன் மகனுக்கு 8 வயது. டல்லாஸில் இருக்கிறான். வீசிங்குக்காக நான்கு மாதமாக ஓமலிசுமாப் என்ற ஊசி போடுகிறார்கள். வேர்க்கடலையும் முந்திரியும் அவனுக்கு ஆகவே ஆகாது. இந்த ஊசி போட்டால் அந்த அலர்ஜியும் போய்விடும் என்று அண்ணி சொல்கிறார். ஜூனில் இங்கே வருகிறார்கள். உண்மையா? வீட்டில் கடலையை ஒதுக்க வேண்டுமா, வேண்டாமா? எனக்குத் தலைச்சாயம் அலர்ஜி. இந்த ஊசி எனக்கும் கேட்குமா?"

அக்கா, கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் தலைச்சாய அலர்ஜிக்கு இந்த ஊசி கேட்காது. அவனுடைய கடலை அலர்ஜிக்குக் கேட்கும், ஆனால் "போய்விடும்" என்ற சொல் சரியில்லை. வீட்டில் கடலையை ஒதுக்கத்தான் வேண்டும். இந்த மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன். நான் அமெரிக்காவில் ஓர் அலர்ஜி கிளினிக்கில் செவிலி. பத்து வருடங்களுக்கு மேலாக இந்த ஊசியைப் போட்டு வருகிறேன்.

நாம் எதையெல்லாம் அலர்ஜி என்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இறால் சாப்பிட்டு உதடு வீங்கினால் அலர்ஜி. பால் குடித்து வயிறு உப்பினால் அலர்ஜி. கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணானால் அலர்ஜி. காலையில் பத்துத் தும்மல் போட்டால் அதுவும் அலர்ஜி. சொல் ஒன்றுதான், ஆனால் உடம்புக்குள் நடப்பது வெவ்வேறு. இவற்றில் ஒரு வகையை மட்டும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி, அதாவது உடம்பு எதிர்ப்புக்காகச் செய்யும் ஒரு புரதம், நடத்துகிறது. ஓமலிசுமாப் பிடிப்பது அந்த ஐஜிஇயை. ஆக, "இந்த ஊசி என் அலர்ஜிக்குக் கேட்குமா" என்று யார் கேட்டாலும், "உங்கள் அலர்ஜியில் ஐஜிஇக்குப் பங்கு இருக்கிறதா" என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சிவகாசி உங்களுக்குப் பக்கத்தில்தானே, அதனால் பட்டாசை வைத்தே சொல்கிறேன். நம் தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் எல்லா இடத்திலும் மாஸ்ட் செல் என்ற செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஹிஸ்டமின் போன்ற சரக்கு நிரப்பிய ஒரு வெடி. ஐஜிஇ அதில் செருகியிருக்கும் திரி. அலர்ஜி இல்லாதவர்களுக்கும் ஐஜிஇ உண்டு. ஆனால் உங்கள் அண்ணன் மகனுடைய திரிகள் சில கடலைப் புரதத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். சில முந்திரிக்கு, சில தூசுப்பூச்சிக்கு. மூச்சுக்குழாயில் வெடித்தால் வீசிங், தோலில் வெடித்தால் தடிப்பு. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் வெடித்தால் அனஃபிலாக்சிஸ்: ரத்த அழுத்தம் விழும், தொண்டை அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

ரத்தத்தில் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்று முதலில் காட்டியவர்கள் ஜெர்மனியில் இரண்டு மருத்துவர்கள். 1921இல் கார்ல் பிரவுஸ்னிட்ஸ், மீன் ஒத்துக்கொள்ளாத தன் சகா ஹைன்ஸ் கியூஸ்ட்னரின் ரத்த நீரை எடுத்துத் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. மீன் அவருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் நண்பருடைய ரத்தம் அந்தக் குணத்தைக் கொண்டு வந்துவிட்டது. அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆனது. 1966இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி, அடுத்த வருடம் ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிச் என்ற இருவர், தனித்தனியே அதை அடைந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்று பெயர் வைத்தார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். ஓமலிசுமாப், அமெரிக்காவில் சோலேர் என்ற பெயரில் விற்பது, தானே ஓர் ஆன்டிபாடி. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஐஜிஇயைப் பிடித்துக்கொள்ளும். ஐஜிஇ எந்த முனையால் மாஸ்ட் செல்லில் செருகிக்கொள்ளுமோ, சரியாக அந்த முனையைப் பிடிக்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏற்கெனவே செருகியிருக்கும் திரியில் அந்த முனை உள்ளே போய்விட்டதால், மருந்து அதைத் தொட முடியாது. தொட்டிருந்தால் மருந்தே வெடியைக் கொளுத்திவிடும்! அதனால் இது செய்வதெல்லாம் புதுத் திரி செருகாமல் தடுப்பதுதான். சில நாள்களிலேயே ரத்தத்தில் தனியாகச் சுற்றும் ஐஜிஇ 95 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். திரி வராததால் அதைச் செருகும் ஏற்பிகளையும் செல்கள் மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், பேசோஃபில் என்ற ரத்தச் செல் ஒன்றில் சராசரியாக 2,20,000 ஏற்பிகள் இருந்தன. மூன்று மாதச் சிகிச்சைக்குப் பிறகு 8,300. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் இன்னும் நிதானமாகத்தான் மாறும். இன்று ஊசி போட்டு நாளைக்குக் கடலை சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணிக்கையைத்தான் நான் சொல்வது.

இந்த விளக்கத்தில் கடலை என்றோ தூசு என்றோ பிரிவே இல்லை, கவனித்தீர்களா? மருந்துக்குத் திரி எதைக் கண்டு பற்றும் என்பது தெரியாது. ஐஜிஇ என்றால் பிடிக்கும். ஒரே ஊசி பல அலர்ஜிகளுக்கு எதிராக நிற்க முடிவது இதனால்தான். கடலையும் முந்திரியும் பாலும் முட்டையும் ஒன்றாக ஆகாத குழந்தைகள் நிறையப் பேர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம் என்றால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்? அந்த வகையில் இந்த மருந்தின் மேல் எனக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு.

அப்படியானால் உணவு அலர்ஜிக்கு ஏன் முதலிலேயே இதைக் கொடுக்கவில்லை? இதுதான் எனக்கு மனசு ஆறாத பகுதி. ஐஜிஇயைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற எண்ணத்தை முன்னெடுத்தது டனாக்ஸ் என்ற சிறிய நிறுவனம்; 1986இல் ஹூஸ்டனில் அதைத் தொடங்கியவர்கள் நான்சி சாங், ட்சே வென் சாங் இருவரும். ஜெனென்டெக் என்ற இன்னொரு மருந்து நிறுவனம் தனியாக ஓமலிசுமாபை உருவாக்கிக்கொண்டிருந்தது. பிறகு நோவார்ட்டிஸும் சேர, மூன்றும் கூட்டாக வேலை செய்தன. 2003 ஜூனில் ஓமலிசுமாப் ஆஸ்துமாவுக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அதே 2003இல் டனாக்ஸின் இன்னொரு ஆன்டிபாடியான டிஎன்எக்ஸ்-901ஐக் கடலை அலர்ஜி உள்ள 84 பேருக்குக் கொடுத்த ஆய்வும் வெளியானது. மருந்துக்கு முன்பு சுமார் அரைக் கடலையில் எதிர்வினை வந்தவர்கள், அதிக அளவு மருந்து பெற்ற பிரிவில் சராசரியாக ஒன்பது கடலை வரை தாங்கினார்கள். இவ்வளவு தெளிவாக வழி தெரிந்தும் அந்த மருந்து அங்கேயே நின்றுவிட்டது. எதை முன்னே கொண்டுபோவது என்பதில் நிறுவனங்களுக்குள் தகராறு. கடைசியில் ஓமலிசுமாப்தான் என்று முடிவானது. அதை வைத்துக் கடலைக்கு ஓர் ஆய்வு தொடங்கினால், அதையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து போடுவதற்கு முன்பு அலர்ஜியை உறுதிசெய்யக் கடலை கொடுத்துப் பார்த்த கட்டத்திலேயே சிலருக்குக் கடுமையான அனஃபிலாக்சிஸ் வந்துவிட்டது. இப்படியே இருபது வருடம் ஓடிப்போயிற்று. அந்த இருபது வருடத்தில் "தவறிக்கூட வாயில் படக்கூடாது" என்பதைத் தவிர எங்கள் கிளினிக்கில் பெற்றோரிடம் சொல்ல வேறு ஒன்றும் அதிகம் இல்லை.

இப்போது அண்ணி சொல்லும் செய்திக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 16 அன்று, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ, ஒரு வயது முடிந்தவர்களிலிருந்து பெரியவர்கள் வரை, ஐஜிஇ வழியாக வரும் உணவு அலர்ஜிக்கு ஓமலிசுமாபை அனுமதித்தது. அடிப்படை அவுட்மேட்ச் என்ற ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வுட் தலைமை, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆதரவு. ஒன்றிலிருந்து பதினேழு வயது வரை 177 பேர். எல்லோருக்கும் கடலை ஆகாது. கூடவே பால், முட்டை, கோதுமை, முந்திரி, ஹேசல்நட், வால்நட் இவற்றில் குறைந்தது இரண்டு ஆகாது. 16 வாரம் ஊசி. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி.

முடிவு என்ன? மருந்து பெற்ற 118 பேரில் 79 பேர், அதாவது 67 சதவீதம், 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைப் பெரிய எதிர்வினை இல்லாமல் தாங்கினார்கள். வெறும் ஊசி பெற்ற 59 பேரில் 4 பேர் மட்டும். 600 மில்லிகிராம் என்பது சுமார் இரண்டரைக் கடலை. முந்திரியில் இலக்கு 1,000 மில்லிகிராம். அதைத் தொட்டவர்கள் 41 சதவீதம், எதிர்ப்பக்கம் 3 சதவீதம். பாலில் 66 சதவீதம், எதிர்ப்பக்கம் 10. முட்டையில் 67 சதவீதம், எதிர்ப்பக்கம் ஒருவரும் இல்லை.

இந்த எண்களை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். பள்ளியில் பக்கத்துப் பையனுடைய கைபட்ட பிஸ்கட்டில் ஒட்டியிருக்கும் துகள், கரண்டி மாறிப்போய்க் கலந்த ஒரு துளி: இந்தத் தவறுகளில் உள்ளே போவது பெரும்பாலும் இரண்டரைக் கடலையை விடக் குறைவு. அதைத் தாங்கும் உடம்பு கிடைத்தால் அந்தக் குடும்பம் தூங்கும். இது பெரிய விஷயம். இன்னொரு பக்கம், மருந்து பெற்றவர்களிலும் மூன்றில் ஒரு பங்குப் பேர் இரண்டரைக் கடலையைத் தாண்டவில்லை. 14 சதவீதம் பேர் 30 மில்லிகிராமைக்கூட, அதாவது ஒரு கடலையில் எட்டில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை. உங்கள் அண்ணன் மகன் எந்தப் பக்கம்? வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவனுக்கு முந்திரியும் ஆகாது, அதில் பலன் பாதிக்கும் கீழ் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கிளினிக்கில் உட்காரவைத்துக் கொடுத்துப் பார்ப்பது. ஒருநாள் ஏழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஆப்பிள் கூழில் கலந்த கடலை மாவு, சின்னச் சின்னக் கிண்ணங்களில். முதல் கிண்ணத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு. கால் மணி, இருபது நிமிடம் பொறுத்து அடுத்தது. ஒவ்வொரு முறையும் நாக்கு, தோல், மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பேன். அனஃபிலாக்சிஸுக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசி என் கை எட்டும் இடத்தில். நாலாவது கிண்ணத்துக்குப் பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டு அம்மா மடியில் சாய்ந்தாள். முகத்தில் ஒரு தடிப்புகூட இல்லை, ஆனால் அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் இருந்த பிள்ளை. இரண்டே நிமிடத்தில் காதோரம் சிவந்தது, இருமல் வந்தது. அட்ரினலின் போட்டோம், பத்து நிமிடத்தில் தெளிந்தாள். அவள் ஐந்து மாதமாக ஓமலிசுமாப் போட்டுக்கொண்டிருந்தவள். இது வீட்டில், ஒரு தட்டு கடலை மிட்டாயோடு நடந்திருந்தால்? அதனால்தான் "சும்மா ஒன்று கொடுத்துப் பார்ப்போமே" என்று யாரும் ஆசைப்படக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எஃப்டிஏ அனுமதியின் வாசகமும் இதையே சொல்கிறது. தவறுதலாக உள்ளே போனால் வரும் எதிர்வினையைக் குறைக்க இந்த மருந்து; அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் ஆகாத உணவைத் தவிர்க்கவே வேண்டும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட அனஃபிலாக்சிஸை இது நிறுத்தாது. ஊசியை நிறுத்தினால் பாதுகாப்பும் சில மாதங்களில் கரைந்துவிடும். உடம்பு ஐஜிஇ செய்வதை நிறுத்தவில்லை, பிடித்து வைக்க ஆள் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 26 நாள். வேலைப்பளுவில் இரண்டு தவணை தவறினால் அம்மாக்கள் அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பதறும்.

கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் முறையும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்ட அவுட்மேட்சின் அடுத்த கட்ட முடிவு 2025இல் வந்தது. ஊசியை மட்டும் தொடர்ந்தவர்களில் 36 சதவீதம் பேர் மூன்று உணவுகளிலும் 2 கிராம் புரதத்தைத் தாங்கினார்கள். பழக்கும் முறையில் 19 சதவீதம். அந்தப் பிரிவில் பக்கவிளைவால் விலகியவர்கள் அதிகம் என்பது இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம். பழக்கும் முறை மோசம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பழகிக்கொள்ளும் குழந்தைக்கு அது ஊசியைவிட நீண்ட நாள் உதவலாம்.

மற்ற அலர்ஜிகள்? இறால், நண்டு, மீன் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் ஐஜிஇ வழி அலர்ஜி என்பதால் அனுமதிக்குள் வருகின்றன. காணாக்கடிக்கு, அதாவது காரணமே தெரியாமல் ஆறு வாரத்துக்கு மேல் தினமும் தடித்து அரிக்கும் நோய்க்கு, 2014இல் அனுமதி கிடைத்தது. என் அனுபவத்தில் இந்த மருந்து மிக அழகாகக் கேட்பது இதற்குத்தான். எந்த மாத்திரைக்கும் அடங்காமல் வருடக்கணக்கில் ராத்திரி முழுக்கச் சொறிந்தவர்கள் சிலர், முதல் ஊசி போட்ட வாரத்திலேயே தூங்கியிருக்கிறார்கள். இங்கே வெளியிலிருந்து வரும் பொருள் எதுவும் காரணமில்லை, உடம்பே தனக்கு எதிராகச் செய்துகொள்ளும் வேலை என்றாலும், மாஸ்ட் செல்லும் ஐஜிஇயும் அதிலும் சம்பந்தப்பட்டவை. மூக்குத் தசை வளர்ச்சிக்கு 2020இல் அமெரிக்க அனுமதி. ஜப்பானில் வசந்தகாலத்தில் செடார் மர மகரந்தத்தால் ஊரே தும்முவது தெரிந்த கதை. அங்கே அதன் கடுமையான வகைக்கு 2019இல் அனுமதித்தார்கள். தேனீ விஷத்துக்கு எதிர்ப்புப் பழக்கும் ஊசிகளைத் தாங்க முடியாதவர்களுக்குத் துணையாகவும் சில மருத்துவர்கள் இதைப் போடுவதுண்டு.

கரப்பானில், அதாவது எக்சிமா என்ற தோல் நோயில், பலன் ஒழுங்காக இல்லை. அங்கே ஐஜிஇ நிறைய இருந்தாலும் தோலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் வேறு செல்கள். அதற்கு டூபிலுமாப் என்ற இன்னொரு ஊசி நன்றாகக் கேட்கிறது. அதன் பயணம் தலைகீழ். 2017இல் கரப்பானுக்காக வந்து, 2018இல் ஆஸ்துமாவுக்குப் போனது. 2022இல் உணவுக்குழாயில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் சேர்ந்து விழுங்க முடியாமல் செய்யும் நோய்க்கும் அனுமதி பெற்றது. அந்த உணவுக்குழாய் நோய்க்கு ஓமலிசுமாப் உதவவில்லை.

இப்போது உங்கள் தலைச்சாயம். சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருளோ, கவரிங் நகையில் இருக்கும் நிக்கலோ தோலில் பட்டால், ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்து நீர் வடிகிறது, இல்லையா? அந்தத் தாமதம்தான் அடையாளம். அதை நடத்துவது ஐஜிஇ இல்லை, டி செல்கள் என்ற வேறு எதிர்ப்புச் செல்கள். திரியே இல்லாத இடத்தில் திரியைப் பிடுங்கும் மருந்து என்ன செய்யும்? உங்களுக்கு மருந்து, அந்தச் சாயத்தை விடுவதுதான். "கறுப்பு மருதாணி" என்று விற்பதிலும் பிபிடி இருக்கலாம், கல்யாண வீடுகளில் கவனம். பால் குடித்தால் வயிறு உப்புவது லாக்டோஸ் செரிக்காமை, கோதுமையால் குடல் கெடும் சீலியாக் வேறொரு நோய். இரண்டுக்கும் இது ஆகாது.

"ஆஸ்துமா மருந்து" என்றதும் வேறு சிலவும் நினைவுக்கு வரும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலரில் இருக்கும் புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டுகள்தான் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயிலும் இருக்கின்றன. மூக்கு அலர்ஜிக்கு நல்ல மருந்து. மாண்டெலுகாஸ்ட் ஆஸ்துமாவுக்கு வந்து மூக்கு அலர்ஜிக்கும் போன மாத்திரை. நம்மூரில் லெவோசெட்ரிசினோடு சேர்த்துச் சளிக்குக்கூட எழுதிக்கொடுக்கிறார்கள். 2020இல் எஃப்டிஏ அதற்குத் தன் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது: கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம், வெறும் மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்து கேட்காதபோது மட்டும் தர வேண்டும். குழந்தை திடீரென்று ராத்திரியில் அலறி எழுந்தால் இந்த மாத்திரையை நினைத்துப் பாருங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலர் மூச்சுக்குழாயை மட்டும் விரிக்கும். அனஃபிலாக்சிஸில் அதை அடித்துவிட்டு அட்ரினலினுக்குக் காத்திருக்கக் கூடாது.

ஊசியைப் பற்றி அம்மாக்கள் பயப்படும் சில விஷயங்கள். இந்த மருந்தே அரிதாக அனஃபிலாக்சிஸைத் தூண்டலாம், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு. அதனால் முதல் ஊசிகளை கிளினிக்கில்தான் போட்டு, கொஞ்ச நேரம் உட்காரவைப்போம். பொடியாக வரும் குப்பியைக் கரைக்கவே இருபது நிமிடம் ஆகும். குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லச் சுழற்றிவிட்டுக் காத்திருப்பேன். ஜெல் போன்ற துணுக்கு ஒன்றுகூட மிதக்கக் கூடாது. கரைந்த பிறகும் கொழகொழப்பாக இருப்பதால் மெதுவாகத்தான் உள்ளே போகும். பிள்ளையைப் பத்து வரை எண்ணச் சொல்வேன். இப்போது நிரப்பிய சிரிஞ்சே வருவதால் வீட்டிலும் போட்டுக்கொள்கிறார்கள்.

ஊசி தொடங்கிய பிறகு மொத்த ஐஜிஇ ரத்தப் பரிசோதனை செய்தால் எண் கூடியிருக்கும். மருந்தோடு ஒட்டிக்கொண்ட ஐஜிஇ மெதுவாக வெளியேறுவதால் அப்படி, நோய் கூடியதால் இல்லை. நிறுத்திய பிறகும் ஒரு வருடம் வரை அப்படியே இருக்கலாம். மதுரையில் யாராவது லேபில் பார்த்துவிட்டு அண்ணனுக்கு போன் போட்டுப் பயமுறுத்த வேண்டாம். இன்னொன்று, ஐஜிஇக்குப் புழுவை எதிர்க்கும் வேலையும் உண்டு. நம்மூரில் குடற்புழுவாலும் ஐஜிஇ ஏறும், ஊசி போடுபவர்களுக்குப் புழுத்தொற்றின் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். கைகழுவுதல், செருப்பு, காய்ச்சிய தண்ணீர் போதும்.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. 2024இல் அனுமதி வந்தபோது பட்டியல் விலை குழந்தைகளுக்கு மாதம் ஏறக்குறைய 2,900 டாலர், பெரியவர்களுக்கு 5,000. காப்பீடு இல்லாதவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. இதே வகையில் இன்னொரு நிறுவனம் தயாரித்த மருந்துக்கு 2025 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. விலை இறங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். காப்பீடு மறுத்துவிட்டது என்று ஒரு அப்பாவிடம் சொல்வது என் வேலையிலேயே கஷ்டமான நேரம்.

ஜூனுக்கு வருவோம். முதலில் அண்ணனை அவர்களுடைய டாக்டரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கும் உணவு அலர்ஜிக்கும் மருந்தின் அளவு எடையையும் ஆரம்ப ஐஜிஇயையும் வைத்துத்தான் தீர்மானம், ஆனால் இரண்டு அட்டவணையும் ஒன்றல்ல. வீசிங்குக்காகக் கொடுக்கும் அளவு கடலைக்கும் போதுமா என்று அவர் பார்க்கட்டும். பயணத்தில் தவணை வந்தால் சிரிஞ்சை ஐஸ் பையோடு கையில் கொண்டுவர வேண்டும். ஃபிரிட்ஜுக்கு வெளியே மொத்தமாக இரண்டு நாளைத் தாண்டக் கூடாது. அட்ரினலின் பேனா, அதாவது தொடையில் அழுத்தினால் தானே குத்தும் ஊசி, இரண்டு, காலாவதித் தேதி பார்த்து, அங்கிருந்தே கொண்டுவரட்டும். நம்மூர் மருந்துக்கடையில் அது எளிதில் கிடைக்காது.

சமையலறையில் "கடலை" என்ற சொல்லே நம்மைக் குழப்பும். பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைமாவு இவை வேறு செடி. அவன் அங்கே சாப்பிட்டுப் பழகியிருந்தால் இங்கேயும் சாப்பிடலாம், அண்ணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கடலையைப் பொறுத்தவரை சட்னி, மிக்சர், கடலை மிட்டாயோடு எண்ணெயையும் பாருங்கள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் புரதம் தங்கும். அவன் இருக்கும் நாள்களுக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வைத்துக்கொள்ளுங்கள். முந்திரி இன்னும் ஒளிந்திருக்கும். வெண்பொங்கல், கேசரி, பாயசத்தில் கண்ணுக்குத் தெரியும். குருமாவிலும் ஹோட்டல் கிரேவியிலும் அரைத்துக் கலந்திருப்பது தெரியாது. பிஸ்தா முந்திரிக்கு நெருங்கிய சொந்தம், டாக்டர் சரி என்று சொல்லாதவரை அதுவும் வேண்டாம். ஜிகர்தண்டா வாங்கித் தரும்போது மேலே என்ன தூவுகிறார்கள் என்று கேளுங்கள். அம்மியையும் மிக்சி ஜாரையும் கழுவிவிட்டோம் என்று நம்பாமல், அவனுக்கு ஒரு ஜார் தனியாக.

எவ்வளவு பார்த்தும் ஏதாவது நடந்து, தடிப்போடு மூச்சு இழுத்தாலோ, வாந்தியோடு துவண்டாலோ, குரல் மாறினாலோ யோசிக்காமல் பேனாவை வெளித்தொடையில் குத்துங்கள். கால்சட்டை மேலேயே குத்தலாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள். 108க்குச் சொல்லுங்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் தெளியவில்லை என்றால் இரண்டாவது பேனா. தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். அண்ணி வந்து இறங்கிய அன்றே, பயிற்சிக்காகத் தரும் ஊசியில்லாத பேனாவில் உங்களுக்கும், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.